ஹேக்கின்டாஷில் கிராஃபிக்ஸும் யுஎஸ்பியும்: எதை முதலில் தொடுவது, எப்படி முடிப்பது

ஆப்பிள் தயாரிக்காத கணினியில் மேக்ஓஎஸை ஓட்டுவதைத்தான் ஹேக்கின்டாஷ் என்கிறார்கள். மேக்ஓஎஸ் நிறுவி, டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது. ஆனால் விண்டோவை இழுத்தால் திரை திக்கித் திக்கி நகர்கிறது. முன்பக்க சாக்கெட்டில் பென்டிரைவ் தெரிகிறது, பின்பக்கத்தில் செருகினால் அசைவே இல்லை. இரவில் ஸ்லீப்பில் போட்டால் சில நொடிகளில் ஃபேன் மறுபடி சுற்றுகிறது. புதிதாக ஹேக்கின்டாஷ் கட்டியவர்கள் சொல்லும் புகார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் அடங்கிவிடும். மூன்றுக்கும் வேர் கிராஃபிக்ஸ் அமைப்பிலோ யுஎஸ்பி அமைப்பிலோதான் இருக்கும்.

இரண்டையும் ஒரே மாதிரி அணுகக் கூடாது என்பது என் கருத்து. கிராஃபிக்ஸ் பெரும்பாலும் கார்டு வாங்கும்போதே முடிவாகிவிடுகிற விஷயம்: சரியான கார்டு என்றால் செய்ய வேண்டியது கொஞ்சம், தவறான கார்டு என்றால் என்ன செய்தாலும் பலனில்லை. யுஎஸ்பி அப்படியில்லை. எந்த போர்டிலும் சரியாக்கிவிடலாம், ஆனால் உட்கார்ந்து ஒவ்வொரு சாக்கெட்டாகச் செருகிப் பார்க்கும் பொறுமை வேண்டும். அடுத்தவர் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டு நழுவிவிட முடியாத வேலை அது.

ஓபன்கோர் (இத்தகைய கணினியில் மேக்ஓஎஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர்) வழியாக மேக்ஓஎஸ் பூட் ஆகும் நிலைக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் வரும் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். எண்களுக்கு நடுவே பி, சி, ஈ என்று வந்தால் அவையும் ஹெக்ஸ் எண்ணின் ஆங்கில எழுத்துகள்தான்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் மேக்ஓஎஸை ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டும்தான் நிறுவ அனுமதிக்கிறது. ஆகவே வருமானம் தரும் வேலையை முழுக்க இதன்மேல் ஏற்றிவிடாதீர்கள். இன்னொன்று, இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26, அதாவது டஹோ என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது. இன்டெல் பதிப்பையே நம்பியிருப்பதால் ஹேக்கின்டாஷின் ஆயுளும் அத்தோடு கட்டப்பட்டதுதான். கையில் இருக்கும் பழைய கணினிக்கு இது நல்ல பொழுதுபோக்கு. இதற்காகவே புதிதாக நிறையச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் இஎஃப்ஐ கோப்புறையை (ஓபன்கோரின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த ஒரு பென்டிரைவில் முழுதாக நகலெடுத்து வையுங்கள். அதிலிருந்து கணினி உண்மையிலேயே பூட் ஆகிறதா என்று ஒருமுறை பார்த்தும் விடுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரு ரீபூட். நான்கு வரியைச் சேர்த்து மாற்றிவிட்டுத் திரை கருப்பானால் எந்த வரி காரணம் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

பயாஸில் பார்க்க வேண்டியவை

சிஎஸ்எம் (பழைய முறை பூட்டுக்கான வசதி), ஃபாஸ்ட் பூட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். எக்ஸ்ஹெச்சிஐ ஹேண்ட்-ஆஃப் (யுஎஸ்பி கட்டுப்பாட்டை மேக்ஓஎஸிடம் ஒப்படைப்பது) இயங்க வேண்டும். 'அபவ் 4ஜி டிகோடிங்' இருந்தால் அதையும் இயக்குங்கள். போர்டில் உள்ள இன்டெல் கிராஃபிக்ஸைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் டிவிஎம்டி (அந்த கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகம்) என்ற இடத்தில் 64 எம்பி வையுங்கள். சில போர்டுகளில் இந்த விருப்பமே இருக்காது. அதற்கு வழி கீழே வருகிறது.

உங்கள் கார்டு எந்தப் பக்கம்?

முதலில் என்விடியா. ஆர்டிஎக்ஸ் 20 தொடங்கி அதற்குப் பின் வந்த எந்தக் கார்டுக்கும் மேக்ஓஎஸில் டிரைவர் கிடையாது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு என்விடியா தந்த வெப் டிரைவர் மேக்ஓஎஸ் 10.13 ஹை சியராவோடு நின்றுபோனது. பழைய கெப்ளர் கார்டுகள் பிக் சர் (மேக்ஓஎஸ் 11) வரை ஓடின; மான்டரேயில் (12) ஆப்பிள் அவற்றின் டிரைவரை எடுத்துவிட்டது. கையில் இருப்பது என்விடியா என்றால், அதை மேக்ஓஎஸ் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு இன்டெல் கிராஃபிக்ஸில் ஓட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஓபன்கோரின் கான்ஃபிக் கோப்பில் உள்ள பூட் ஆர்க்ஸ் வரியில் -வெக்நோஈஜிபியு என்று சேர்த்தால் தனிக் கார்டு அணைந்துவிடும். மானிட்டர் கேபிளைப் போர்டின் பின்பக்க சாக்கெட்டுக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

ஏஎம்டி என்றால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆர்எக்ஸ் 470, 480, 570, 580 போன்ற போலாரிஸ் கார்டுகளும் வேகா 56, 64, ரேடியான் 7 ஆகியவையும் தனி ஒட்டுவேலை எதுவும் இல்லாமல் ஓடக்கூடியவை. ஆர்எக்ஸ் 5500 எக்ஸ்டி, 5600 எக்ஸ்டி, 5700 எக்ஸ்டி ஆகியவை கேட்டலினா (10.15) காலத்திலேயே ஆதரவு பெற்றன. 6800, 6800 எக்ஸ்டி, 6900 எக்ஸ்டி வேண்டுமானால் பிக் சர் 11.4 அல்லது அதற்கு மேல். 6600, 6600 எக்ஸ்டி என்றால் மான்டரே 12.1 அல்லது அதற்கு மேல்.

ஏமாறுகிற இடங்களும் உண்டு. ஆர்எக்ஸ் 550 என்ற பெயரில் லெக்ஸா சிப் போட்டு விற்ற கார்டுகளுக்கு ஆதரவு இல்லை. 6600க்கும் 6800க்கும் நடுவில் இருக்கும் 6700 எக்ஸ்டி நேரடியாக ஓடாது. அதற்கு, கிராஃபிக்ஸைச் சரிசெய்யும் வாட்டெவர்க்ரீன் என்ற கெக்ஸ்டை (மேக்ஓஎஸின் டிரைவர் கோப்பு) எடுத்துவிட்டு நூட்ஆர்எக்ஸ் என்ற தனி கெக்ஸ்ட் போட வேண்டும். 6650 எக்ஸ்டிக்கு அதன் டிவைஸ் ஐடியை மாற்றிச் சொல்ல வேண்டும். 7000 வரிசையை மறந்துவிடுங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள், இதுதான் முதல் ஹேக்கின்டாஷ் என்றால் 6600 எக்ஸ்டி அல்லது 580 போதும். மற்றவற்றை அனுபவம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

தனிக் கார்டை இயக்குவது

கெக்ஸ்ட் கோப்புறையில் லைலூ (மற்ற கெக்ஸ்டுகளுக்கு அடித்தளமான கெக்ஸ்ட்), வாட்டெவர்க்ரீன் இரண்டும் இருக்க வேண்டும். கான்ஃபிக் கோப்பில் கர்னல் பகுதியின் 'ஆட்' பட்டியலில் லைலூ முதலிலும் வாட்டெவர்க்ரீன் அதற்குப் பிறகும் வர வேண்டும். வரிசை மாறினால் வாட்டெவர்க்ரீன் ஏற்றப்படாது.

5000, 6000 வரிசைக் கார்டுகளுக்கு பூட் ஆர்க்ஸில் ஏஜிடிபிமாட்=பிகேரா என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். இது இல்லையென்றால் என்ன நடக்கும் என்பது சுவாரசியமானது: பூட் எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக ஓடும், ஆப்பிள் லோகோவுக்கு அடியில் கோடு நகரும், டெஸ்க்டாப் வர வேண்டிய நேரத்தில் திரை மட்டும் கருப்பாகிவிடும். கணினி செத்துவிடவில்லை. உள்ளே மேக்ஓஎஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். படத்தை எந்த சாக்கெட் வழியே அனுப்புவது என்பதில்தான் சிக்கல். போலாரிஸுக்கும் வேகாவுக்கும் இந்தச் சொல் தேவையில்லை.

அடுத்து மாடல் பெயர். ஓபன்கோரில் உங்கள் கணினியை எந்த மேக் என்று அறிவிக்கிறீர்களோ, அதைப் பொறுத்து உள்கிராஃபிக்ஸின் பங்கு மாறும். ஐமேக்19,1 அல்லது ஐமேக்20,1 என்று அறிவித்தால், அந்த மேக்குகளில் இன்டெல் கிராஃபிக்ஸும் தனிக் கார்டும் சேர்ந்தே இருப்பதால், உங்களிடமும் உள்கிராஃபிக்ஸைத் திரையில்லாத முறையில் (மானிட்டருக்குப் படம் அனுப்பாமல்) இயக்கி வைப்பது நல்லது. வீடியோ சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் அது கைகொடுக்கும். ஐமேக்ப்ரோ1,1 அல்லது மேக்ப்ரோ7,1 என்று அறிவித்தால் பயாஸிலேயே உள்கிராஃபிக்ஸை அணைத்துவிடுங்கள். அந்த மாடல்களில் அது கிடையாது.

உள்கிராஃபிக்ஸை இயக்குவது

டெஸ்க்டாப் செயலிகளில் 10ஆம் தலைமுறை காமெட் லேக்கின் யுஹெச்டி 630 வரைதான் ஆதரவு. 11ஆம் தலைமுறை ராக்கெட் லேக் முதல் உள்கிராஃபிக்ஸ் ஓடாது, தனிக் கார்டு வேண்டும்.

கான்ஃபிக் கோப்பில் டிவைஸ் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு ஒரு பதிவு உருவாக்கி, அதற்குள் ஏஏபிஎல்,ஐஜி-பிளாட்ஃபார்ம்-ஐடி என்ற பெயரில் 'டேட்டா' வகை மதிப்பு ஒன்று கொடுக்க வேண்டும். மானிட்டர் நேராகப் போர்டில் செருகியிருந்தால், காஃபி லேக் (8, 9ஆம் தலைமுறை), காமெட் லேக் இரண்டின் யுஹெச்டி 630க்கும் 07009பி3ஈ. கேபி லேக்கின் (7ஆம் தலைமுறை) ஹெச்டி 630க்கு 00001259. ஸ்கைலேக்கின் (6ஆம் தலைமுறை) ஹெச்டி 530க்கு 00001219, ஆனால் மான்டரே வரைதான்; வெஞ்சுராவில் (13) ஸ்கைலேக் டிரைவர் இல்லாததால் கேபி லேக் போல வேடம் போட வேண்டியிருக்கும். தனிக் கார்டு படத்தைக் காட்ட, உள்கிராஃபிக்ஸ் திரையில்லாமல் ஓட வேண்டுமென்றால் காஃபி லேக்குக்கு 0300913ஈ, காமெட் லேக்குக்கு 0300சி89பி, கேபி லேக்குக்கு 03001259.

இந்த எண்கள் பைட் வாரியாகத் திருப்பி எழுதப்பட்டவை. வேறு எங்காவது 3ஈ9பி0007 என்று பார்த்தால் அதுவும் 07009பி3ஈ-யும் ஒன்றுதான். கோப்பில் போவது திருப்பிய வடிவம். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

டிவிஎம்டி விருப்பம் இல்லாத போர்டு என்று மேலே சொன்னேனே, அதற்கு அதே பதிவில் இன்னும் இரண்டு வரி: ஃப்ரேம்பஃபர்-பேட்ச்-எனேபிள் என்பதற்கு 01000000, ஃப்ரேம்பஃபர்-ஸ்டோலன்மெம் என்பதற்கு 00003001. பயாஸில் 64 எம்பி வைக்க முடிந்தவர்களுக்கு ஸ்டோலன்மெம் வரி வேண்டாம்.

ஹெச்டிஎம்ஐ சாக்கெட்டில் படம் வரவில்லை, டிஸ்ப்ளேபோர்ட்டில் வருகிறது என்றால் காரணம் எளிது. 07009பி3ஈ அமைப்பில் மூன்று இணைப்புகளும் டிஸ்ப்ளேபோர்ட் என்றே எழுதப்பட்டிருக்கும். உங்கள் போர்டில் ஹெச்டிஎம்ஐ எதுவோ, அதற்குரிய கான்0, கான்1, கான்2 என்ற மூன்றில் ஒன்றை இயக்கி, அதன் வகையை 00080000 என்று மாற்ற வேண்டும். மூன்றில் எது என்பது போர்டுக்குப் போர்டு மாறும், ஆகவே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் வழி. பேட்ச்-எனேபிள் வரி இல்லாமல் இவை எதுவும் செயல்படாது.

கிராஃபிக்ஸ் முடுக்கம் வந்துவிட்டதா?

'இந்த மேக் பற்றி' பக்கத்தில் கிராஃபிக்ஸ் நினைவகம் 7 எம்பி என்று காட்டினால் டிரைவர் ஏறவில்லை. டாக் பட்டையின் பின்னணி மங்கலான கண்ணாடி போலத் தெரிந்து, விண்டோ வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் ஏறிவிட்டது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் கிராஃபிக்ஸ் பகுதியில் மெட்டல் (ஆப்பிளின் கிராஃபிக்ஸ் தொழில்நுட்பம்) ஆதரவு என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

யுஎஸ்பி: 15 என்ற எல்லை

இனிதான் நிஜமான வேலை. 2015இல் வந்த எல் கேப்பிடன் முதல், ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலருக்கு (போர்ட்டுகளை நிர்வகிக்கும் பகுதி) 15 போர்ட்டுக்கு மேல் மேக்ஓஎஸ் கண்டுகொள்வதில்லை. என் கணினியில் பத்து சாக்கெட்தானே இருக்கிறது என்று தோன்றும். கணக்கு சாக்கெட்டில் இல்லை. நீல நிற யுஎஸ்பி 3 சாக்கெட் ஒன்று இரண்டு போர்ட்டாக எண்ணப்படும்: யுஎஸ்பி 2 வேகத்துக்கு எச்எஸ் என்று தொடங்கும் ஒன்று, யுஎஸ்பி 3 வேகத்துக்கு எஸ்எஸ் என்று தொடங்கும் இன்னொன்று. இசட்390 போன்ற இன்டெல் சிப்செட்டில் எச்எஸ் 14, எஸ்எஸ் 10, தொலைநிர்வாகத்துக்கான யுஎஸ்ஆர் 2 என்று மொத்தம் 26. முதல் பதினைந்தைப் பிடித்துக்கொண்டு மேக்ஓஎஸ் மற்றதை விட்டுவிடுகிறது. எச்எஸ் வரிசையில் முன்னால் இருப்பதால் அவை பிழைக்கும், எஸ்எஸ் மாட்டிக்கொள்ளும். யுஎஸ்பி 3 பென்டிரைவ் மட்டும் தெரியாமல் போவது அதனால்தான்.

ஓபன்கோரில் எக்ஸ்ஹெச்சிஐ போர்ட் லிமிட் என்ற ஒரு சுவிட்ச் இந்த எல்லையை நீக்கும் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். பிக் சர் 11.3 முதல் அது வேலை செய்யாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நீங்களே பட்டியல் போட்டுக் கொடுப்பதுதான் வழி. இதைத்தான் யுஎஸ்பி மேப்பிங் என்கிறார்கள்.

எல்லை கன்ட்ரோலருக்கு 15, கணினிக்கு 15 அல்ல. ஏஎம்டி ரைசன் செயலிக்கான போர்டுகளில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கன்ட்ரோலர்கள் இருப்பதால் ஒவ்வொன்றிலும் போர்ட் குறைவாகவே இருக்கும். அங்கே வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமலும் போகலாம். ஆனாலும் வகை குறிப்பதற்காக மேப் செய்வது நல்லது.

மேப் எடுப்பது

யுஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற கருவியை விண்டோஸில் ஓட்டுவது எளிய வழி. விண்டோஸில் 15 என்ற எல்லை இல்லாததால் எல்லாப் போர்ட்டும் ஒரே மூச்சில் தெரியும். விண்டோஸ் நிறுவவில்லை என்றால் பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் வின்பிஈ என்ற சிறு விண்டோஸ் கூடப் போதும்.

ஒரு யுஎஸ்பி 2 பென்டிரைவ், ஒரு யுஎஸ்பி 3 பென்டிரைவ், டைப்-சி சாக்கெட் இருந்தால் ஒரு டைப்-சி பென்டிரைவ், அப்புறம் ஒரு தாளும் பேனாவும். கணினியின் பின்பக்கத்தைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். கருவியில் போர்ட் தேடும் திரையைத் திறந்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் முதலில் யுஎஸ்பி 2, பிறகு யுஎஸ்பி 3 என்று செருகுங்கள். ஒவ்வொரு முறையும் பட்டியலில் பெயர் வரும்வரை சில நொடி காத்திருந்து, எந்தச் சாக்கெட்டுக்கு எந்த எண் என்று தாளில் குறியுங்கள். யுஎஸ்பி 3 பென்டிரைவை மெதுவாகச் செருகினால் அது யுஎஸ்பி 2 ஆகவே ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு, ஆகவே சட்டென்று செருகுங்கள். எஸ்எஸ் பெயர் வர வேண்டிய இடத்தில் எச்எஸ் வந்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள்.

டைப்-சி சாக்கெட்டில் பென்டிரைவைச் செருகி, எடுத்து, திருப்பி மறுபடி செருகுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எஸ்எஸ் எண் வந்தால் அதன் வகை (கருவியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் குறிக்க வேண்டிய எண்) 9. பக்கத்துக்கு ஒரு எண் வந்தால் வகை 10, அது மூன்று இடம் பிடிக்கும். சாதாரண யுஎஸ்பி 2 சாக்கெட் வகை 0. யுஎஸ்பி 3 சாக்கெட் வகை 3, அதன் எச்எஸ் பாதிக்கும் 3தான். யுஎஸ்பி 2 மட்டும் உள்ள டைப்-சி வகை 8. கேபினெட்டுக்கு உள்ளேயே இணைந்திருக்கும் புளூடூத், போர்டின் வண்ண விளக்குக் கன்ட்ரோலர் போன்றவை 255. இந்த 255ஐ அலட்சியம் செய்யாதீர்கள். புளூடூத்தை வெளியே செருகிய சாதனம் என்று மேக்ஓஎஸ் நினைத்துக்கொண்டால் ஸ்லீப் சொதப்பும்.

பதினைந்துக்குள் அடக்குவது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்னால் நான்கு யுஎஸ்பி 3 சாக்கெட்: 8. இரண்டு யுஎஸ்பி 2: 2. வகை 9 டைப்-சி ஒன்று: 2. முன்பக்கம் இரண்டு யுஎஸ்பி 3: 4. உள்ளே புளூடூத்: 1. மொத்தம் 17. இரண்டைக் கழிக்க வேண்டும்.

ஒரு சாக்கெட்டை முழுதாகக் கொல்ல வேண்டியதில்லை. கீபோர்டும் மவுஸும் யுஎஸ்பி 2 வேகத்துக்கு மேல் போகாதவை. பின்பக்க யுஎஸ்பி 3 சாக்கெட்டுகளில் இரண்டை அவற்றுக்கு ஒதுக்கி, அந்த இரண்டின் எஸ்எஸ் பாதியை மட்டும் எடுத்துவிட்டால் கணக்கு 15. எல்லா சாக்கெட்டும் உயிரோடு இருக்கும், இரண்டு மட்டும் யுஎஸ்பி 2 ஆக ஓடும். அப்படிச் செய்தால் மிஞ்சிய எச்எஸ் பாதியின் வகையை 3இலிருந்து 0 ஆக மாற்றிவிடுங்கள். யுஎஸ்ஆர் இரண்டையும் யோசிக்காமல் எடுத்துவிடலாம்; எதுவும் செருகாத போர்ட்டுகளையும்தான்.

முடித்ததும் கருவி யுடிபிமேப் என்ற கெக்ஸ்ட் ஒன்றை உருவாக்கித் தரும். அதையும் யுஎஸ்பிடூல்பாக்ஸ் கெக்ஸ்டையும் சேர்த்து கெக்ஸ்ட் கோப்புறையில் போட்டு, கான்ஃபிக் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் போட்டால் பயனில்லை. முன்பு போட்டிருந்த வேறு யுஎஸ்பி கெக்ஸ்ட் எதுவானாலும் எடுத்துவிடுங்கள். எக்ஸ்ஹெச்சிஐ போர்ட் லிமிட் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

மேக்ஓஎஸுக்குள்ளேயே மேப் எடுக்கும் யுஎஸ்பிமேப் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது தரும் கெக்ஸ்டுக்குள் மேக் மாடல் பெயர் எழுதப்பட்டிருக்கும். பின்னாளில் ஐமேக்19,1ஐ ஐமேக்20,1 ஆக மாற்றினால், உள்ளே உள்ள பெயரையும் மாற்றாதவரை மேப் வேலை செய்யாது. அடுத்தவர் இஎஃப்ஐ-யை இறக்கிப் போட்டவர்களுக்கு யுஎஸ்பி ஓடாததற்கு இதுவும் ஒரு காரணம். அதே போர்டு என்றாலும் அவருடைய கேபினெட்டும் முன்பக்க இணைப்பும் உங்களுடையதாக இருக்காது.

ரீபூட் செய்தபின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பகுதியைத் திறந்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் யுஎஸ்பி 3 பென்டிரைவைச் செருகி வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 5 ஜிகாபிட் என்று வந்தால் எஸ்எஸ் வேலை செய்கிறது. நொடிக்கு 480 மெகாபிட் என்றால் அது எச்எஸ் பக்கம் விழுந்திருக்கிறது.

ஸ்லீப் சோதனை

இரண்டும் முடிந்தபின் ஸ்லீப்பில் போடுங்கள். ஃபேன் நின்று, பவர் விளக்கு சிமிட்டிக்கொண்டு, சில நிமிடம் அப்படியே இருந்தால் நல்லது. தானாக எழுந்தால் டெர்மினலில் பிஎம்செட் கட்டளையின் பதிவில் எழுந்ததற்கான காரணத்தைச் சொல்லும் வேக் வரியைத் தேடுங்கள். அதில் எக்ஸ்ஹெச்சி என்று இருந்தால் எழுப்பியது யுஎஸ்பி; உள்சாதனங்களின் 255ஐ மறுபடி சரிபாருங்கள். எழுந்து, ஆனால் திரை மட்டும் கருப்பாக இருந்தால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். அதற்கு முன் மானிட்டர் கேபிளை ஒருமுறை எடுத்துச் செருகிப் பார்ப்பது நல்லது. சில ஹெச்டிஎம்ஐ மானிட்டர்களுக்கு அதுவே போதும்.

ஐபேட் செருகினால் சார்ஜ் ஏறவில்லை, அல்லது மிக மெதுவாக ஏறுகிறது என்றால் அது மேப்பிங்கின் பிழையல்ல. ஸ்கைலேக் முதல் வந்த போர்டுகளில் யுஎஸ்பி மின்அளவுகளைச் சொல்லும் எஸ்எஸ்டிடி-இசி-யுஎஸ்பிஎக்ஸ் என்ற கோப்பு ஏசிபிஐ கோப்புறையில் இருக்க வேண்டும். கான்ஃபிக்கிலும் அது இயக்கப்பட்டிருக்க வேண்டும். பயாஸை அப்டேட் செய்தால் அதில் மேலே மாற்றிய அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடலாம்; முதலில் அவற்றைத் திரும்ப வைத்துவிட்டு, பிறகு மேக்ஓஎஸுக்குள் போங்கள்.